கறுப்புப் பட்டைக்குக் கீழே

அன்புள்ள தம்பிக்கு,

வேலைக்கு ஆதார் நகல் கேட்டிருக்கிறார்கள், எண்ணை மறைத்து அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிடிஎஃபைத் திறந்து, எண்ணின் மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை இழுத்துவிட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். வழக்கறிஞர்களே அப்படி ஏமாந்திருக்கிறார்கள். டிரம்பின் தேர்தல் பிரசாரக் குழுவின் முன்னாள் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள், 2019 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒரு பிடிஎஃபைத் தாக்கல் செய்தார்கள். அதில் சில வரிகள் கறுப்புப் பட்டைக்குள் இருந்தன. செய்தியாளர்கள் அந்த இடத்தை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினார்கள். மறைத்த வரிகள் அப்படியே வந்து விழுந்தன.

ஏன் அப்படி? அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், 1991இல் ‘கேமலாட்’ என்ற திட்டத்தை எழுதினார். எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அந்தத் திட்டமே பிடிஎஃப் ஆகி, 1993இல் அக்ரோபேட் மென்பொருளோடு வெளிவந்தது. 2008இல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ தரமாயிற்று.

பக்கத்தின் தோற்றம் மாறக் கூடாது என்பதால், பிடிஎஃபுக்குள் இருப்பவை பெரும்பாலும் வரையும் கட்டளைகள்தான்: இந்த இடத்தில், இந்த எழுத்துருவில், இந்த வடிவத்தை வை. நீ போடும் கறுப்புக் கட்டமும் இன்னொரு கட்டளையாகச் சேரும். எண்ணை எழுதிய பழைய கட்டளை அதன் கீழே பத்திரமாக இருக்கும். சில மென்பொருள்கள் திருத்தங்களைக் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டுப் பழையதைத் தொடாமலே விட்டுவிடும்.

தமிழ் வாசகர்கள் இதன் மறுபக்கத்தையும் பார்த்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பிடிஎஃபில் ‘அம்மா’ என்று கண்ணுக்கு அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரும். அந்தக் கோப்புக்குள் அம்மா இல்லை. அம்மாவைப் போலத் தெரியும் வடிவங்களே இருக்கின்றன. எத்தனையோ நல்ல நூல்கள் இப்படித் தேடலில் சிக்காமல் கிடப்பது பெரிய இழப்பு. நீ எதை எழுதினாலும் யூனிகோடில் எழுது. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் மென்பொருளில் எழுதி அங்கிருந்தே பிடிஎஃபாக ஏற்றுமதி செய். பிழை கண்டால் மூலக் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்வதே சுலபம். பிடிஎஃபுக்குள் ஒரு சொல்லை மாற்றினாலே வரி குலைந்துபோகக்கூடும்.

படிக்க மட்டும் என்றால் பிரவுசரே போதும். பக்கங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் ‘பிடிஎஃப்சாம்’ இலவசமாகக் கிடைக்கிறது; உன் கணினியிலேயே ஓடும். அடையாள ஆவணங்களை முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதே.

ஆதாருக்கு வழி சுலபம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கிடைக்கும், அதை இறக்கிக்கொள். மற்ற ஆவணங்களை லிப்ரே ஆபிஸின் ‘ரிடாக்ட்’ வசதியில் மறைக்கலாம். அது பக்கத்தையே படமாக மாற்றிவிடுவதால் கீழே எழுத்து எதுவும் மிஞ்சாது.

அனுப்புவதற்கு முன் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார். மறைத்த எண் அங்கே வந்தால் அனுப்பாதே. எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அண்ணன்