ஓடாத வண்டி

நம் சங்கத்தின் சந்தாக் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. ஒருநாள் ஒரு உறுப்பினர் கணக்கைத் திருத்தினேன், திருத்தம் ஏறவில்லை. 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' பட்டியலில், 3 மணி நேரத்துக்கு முன் தொடங்கிய ஒரு பெயர் தேடல் தெரிந்தது. இன்னும் ஓடுகிறதென்று எண்ணி இணைப்பைத் துண்டிக்கப் போனேன்.

நல்லவேளை, நிலையைப் பார்த்தேன்: 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்'. 'ஆக்டிவ்' என்றிருந்தால்தான் கட்டளை ஓடுகிறது. இல்லையேல் அங்கே தெரிவது கடைசியாக ஓடிய கட்டளை. வண்டி போன பிறகும் ஸ்டேஷன் பதிவேட்டில் அதன் எண் இருக்குமல்லவா, அதுபோல. கணக்கைப் பூட்டி வைத்திருந்தது தேடலுக்கு முந்தைய திருத்தம். அது பட்டியலில் தெரியாது.

சந்தா பதிந்த நண்பர் 'கமிட்' கொடுக்காமல் எழுந்து போயிருந்தார். துண்டித்திருந்தால் அவர் பதிந்தவை அழிந்திருக்கும். ஆகவே, முதலில் நிலையைப் பாருங்கள். பிறகு ஆளைக் கேளுங்கள்.