காலடியில் ஒரு பாடம்



சென்ற தவணையில் ஒரு நாள், வகுப்பு முடிந்து மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எம்மை அணுகி, "சேர், கிழமை நாட்களில் நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறீர்கள்?" என்று வினவினாள். ஊரில் ஆசிரியராக இருந்தோம் என்றும், ஏதிலியாக இந்நாட்டுக்கு வந்தபின் வீடுகளுக்குத் தரைவிரிப்புப் போடும் வேலை செய்கின்றோம் என்றும் கூறினோம். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பின்னர், "அதில் படிக்கிறதற்கு ஏதாவது இருக்கா, சேர்?" என்று கேட்டாள்.

மாணவர் கேட்ட கேள்விக்கு விடை கூறாது செல்லுதல் ஆசிரியருக்கு அழகன்று. மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டமையால் அன்று கூறாது விட்ட விடையை இம்மலரில் எழுதுகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள், கையால் கட்டப்பட்ட சிறு வானூர்தி ஒன்றின் தரைவிரிப்பை எவ்வாறு பிணைப்பது என்பதாகும்.

வீட்டில் பிறக்கும் வானூர்தி

வானூர்திகள் யாவும் பெருந்தொழிற்சாலைகளிலேயே பிறக்கின்றன என்று எண்ணாதீர்கள். தென்தீவின் வைற்றோகி என்னும் ஊரில் வாழ்ந்த றிச்சட் பியர்ஸ் என்ற விவசாயி, 1900களின் தொடக்கத்திலேயே மூங்கிலும் துணியும் கம்பியும் கொண்டு ஒரு பறக்கும் ஊர்தியை அமைத்தார். அதற்கான இயந்திரத்தையும் தாமே செய்தார். அவர் பிற்காலத்தில் கட்டிய மற்றொரு வானூர்தியை எமது நகரின் வெஸ்ரேண் ஸ்பிரிங்ஸ் பகுதியிலுள்ள போக்குவரத்து, தொழில்நுட்ப அருங்காட்சியகம் பேணி வருகின்றது.

அவர் வழியில் வந்தோர் இன்றும் பலர் உளர். நியூசிலாந்தில் ஒருவர் தமது கராஜில் வானூர்தி கட்டுவதைச் சட்டம் அனுமதிக்கின்றது. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே தமது கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருத்தல் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் சான்றிதழைப் பெற்ற பின்னரே அதனைப் பறக்கவிடலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள ஒரு நிறுவனத்தின் பாகங்களைப் பொருத்தி உலகெங்கும் பொதுமக்கள் கட்டிப் பறக்கவிட்டவை மாத்திரம் 10,000க்கு மேற்பட்டவை எனின், இக்கலையின் பரப்பை நீங்கள் உணரலாம். ஒக்லாந்தின் தெற்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1943 இல் அமைக்கப்பட்ட ஆட்மோர் வானூர்தித் தளத்துக்குச் சென்றால் சிறு வானூர்திகள் பலவற்றைக் காணலாம்.

எமது அயலவரான முதியவர் ஒருவரும் அலுமினியத் தகட்டாலான இரு இருக்கை வானூர்தி ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கட்டிவந்தார். எமக்கோ வானூர்தி என்றால் வேறு நினைவு. ஊரில் அதன் ஒலி கேட்டதும் பாடப்புத்தகத்தை விட்டெறிந்து பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளை நாம். ஆதலால் அவரது கராஜ் திறந்திருக்கும்போது மறுபுறம் பார்த்தே நடந்துபோவோம். ஒரு நாள் அவராகவே வந்து கதவைத் தட்டினார். "நீங்கள் கார்ப்பெற் வேலை செய்பவர் அல்லவா? எனக்கு ஓர் உதவி வேண்டும்" என்றார்.

தளர்ந்த விரிப்பு

அவர் வானூர்தியின் தரையில் அழகான விரிப்பொன்றை வெட்டி, பிணைக்காமலே போட்டிருந்தார். தரையில் ஓட்டிப் பார்த்த முதல் நாளிலேயே அவரது குதிக்கால் தள்ளத் தள்ள விரிப்பு முன்னே நகர்ந்து, இடப்பக்க மிதியின் கீழ் மடிந்து நின்றது. மிதி முழுத் தூரமும் செல்லவில்லை. உடனே இயந்திரத்தை நிறுத்தி இறங்கிவிட்டார்.

வானூர்தியில் விமானியின் கால்களுக்கு இரண்டு மிதிகள் உண்டு. அவை வால்பகுதியிலுள்ள சுக்கானைத் திருப்புகின்றன. பல சிறு வானூர்திகளில் அம்மிதிகளின் மேற்பகுதியை அழுத்தினால் சில்லுகளின் தடையும் பிடிக்கும். வானில் இருக்கும்போது மிதியின் கீழ் விரிப்பு மடிந்துவிட்டால், குனிந்து இழுத்தெடுக்க விமானிக்கு நேரமும் இராது, இடமும் இராது.

இது மிகைக் கூற்றன்று. 2009 ஓகஸ்ற் 28 ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியாகோ நகருக்கு அருகே, பிறிதொரு வகைக் காருக்குரிய தரைமெத்தை போடப்பட்டிருந்த லெக்சஸ் காரொன்றின் வேகமிதி அம்மெத்தையில் சிக்கியது. காரை நிறுத்த இயலாமல் நால்வர் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த மாதமே ரொயோட்டா நிறுவனம் தரைமெத்தையின் ஆபத்தை முன்னிட்டு ஏறத்தாழ 38 இலட்சம் கார்களை மீள அழைத்தது. 2014 பெப்ரவரி 9 ஆம் நாள் பிரித்தானிய வான்படையின் வொயேஜர் வானூர்தி ஒன்றில், விமானியின் கைதாங்கிக்கும் கட்டுப்பாட்டுக் கோலுக்கும் இடையே ஒரு புகைப்படக் கருவி சிக்கியதால் அவ்வூர்தி 27 செக்கன்களில் 4,400 அடி கீழே பாய்ந்தது. அதிலிருந்த 198 பேரும் தப்பியது பெரும்பேறு. சிறு பொருள் தன் இடத்தில் நில்லாவிடின் பெரும் பொருளையும் வீழ்த்திவிடும்.

நாம் செய்த பிழை

வீட்டில் விரிப்புப் போடும்போது, சிறு ஆணிமுனைகள் நிறைந்த மரச்சட்டங்களைச் சுவரோரம் அடித்து, முழங்காலால் உந்தும் கருவியால் விரிப்பை இழுத்து அம்முனைகளில் மாட்டுவோம். வானூர்தியில் அது இயலாது. தரைத்தகட்டின் கீழும் பக்கங்களிலும் எரிபொருட் குழாய்களும், கட்டுப்பாட்டுத் தண்டுகளும், சுக்கானுக்குச் செல்லும் கம்பிவடங்களும் உள்ளன. கண்ட இடத்தில் துளையிட்டால் கேடு விளையும்.

ஆகவே வலிய பசையை எடுத்தோம். தரைமுழுதும் பூசி, மயிரிழையும் அசையாதவாறு விரிப்பை ஒட்டினோம். முதியவர் மகிழ்ந்தார். நாமும் எமது வேலையை எண்ணிப் பெருமை கொண்டோம்.

இரு கிழமைகளின் பின்னர், முன்பு பல வானூர்திகளைக் கட்டிய நண்பர் ஒருவரை முதியவர் அழைத்துவந்தார். அவர் எட்டிப் பார்த்து, "தரைத்தகட்டை எப்படிக் கழற்றுவீர்கள்?" என்று மாத்திரம் கேட்டார். எம்மிடம் விடை இல்லை. தகட்டின் திருகாணிகள் யாவும் எமது விரிப்பின் கீழே மறைந்துபோயிருந்தன. ஒரு சனிக்கிழமை முழுவதும் முழந்தாளிட்டு, விரிப்பைக் கிழித்துப் பசையைச் சுரண்டி எடுத்தோம். தகட்டைக் கழற்றியபோது எரிபொருட் குழாயின் பொருத்து ஒன்றைச் சுற்றி நீலநிறக் கறை படிந்திருந்தது. சிறு வானூர்திகளுக்கான பெற்றோலுக்கு நீலச்சாயம் இடுவர். கசிவு எங்கே உண்டோ அங்கே நீலக்கறை காட்டிக்கொடுக்கும். பொருத்து மிகச் சிறிதளவே தளர்ந்திருந்தது. அதனை இறுக்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. எமது பசை அதனை எத்தனை மாதங்கள் மறைத்திருக்கும் என்பதை எண்ணி அன்றிரவு நெடுநேரம் உறங்காதிருந்தோம்.

தளர்ந்த விரிப்பும் ஆபத்து. கழற்றவியலாத விரிப்பும் ஆபத்து. இறுகப் பிடிக்கவும் வேண்டும், வேண்டும்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

பிரியும் பிரியும்

ஊரில் வேலியோரம் நடந்துவந்தால் நாயுருவி விதைகள் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். 1941 இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் என்பவர், மலையில் உலாவிவந்தபோது தமது உடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டிய இத்தகைய விதைகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். விதையைச் சுற்றி நுண்ணிய கொக்கிகள் இருந்தன. ஒரு பட்டையில் கொக்கிகளும் மறுபட்டையில் நூல்வளையங்களுமாக அவர் ஆக்கியதே நீங்கள் சப்பாத்துகளில் காணும் வெல்குரோ. 1955 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்நாட்டிலும் அத்தகைய ஒட்டும் விதையுடைய செடி உண்டு. மாவோரி மக்கள் அதனைப் பிரிபிரி என்பர். மாவோரி மொழியில் 'பிரி' என்றால் ஒட்டிக்கொள் என்பது பொருள். தமிழில் 'பிரி' என்றால் விலகு என்பது பொருள். ஒலி ஒன்று, பொருள் நேரெதிர். வானூர்தித் தரைவிரிப்புக்கு வேண்டியதோ இவ்விரு 'பிரி'யும் ஒருங்கே அமைந்த பிணைப்பு. இது தற்செயல் ஒற்றுமையே எனினும், பாடத்தை நினைவில் நிறுத்த இதனினும் நல்ல வழியை நாம் அறியோம்.

வெல்குரோவின் இயல்பு ஒன்றை அறிந்துகொள்க. இரு பட்டைகளையும் பக்கவாட்டில் இழுத்தால் எளிதில் விடாது. ஓரத்தைப் பிடித்து மேல்நோக்கி உரித்தால் எளிதில் விட்டுவிடும். குதிக்கால் விரிப்பைப் பக்கவாட்டிலேயே தள்ளுகின்றது. ஆகவே நகராமல் காக்க அது உகந்தது. ஆனால் சப்பாத்தின் நுனி முன்னோரத்தில் மாட்டினால் உரிந்துவிடும். எனவே முன்னோரத்தை மெல்லிய உலோகச் சட்டத்தால் அழுத்தி, தகட்டில் ஏற்கெனவே உள்ள திருகாணித் துளைகளைக் கொண்டே பூட்டுதல் வேண்டும்.

இரண்டாம் முறை செய்த விதம்

1. விரிப்பை ஒரே துண்டாக வெட்டாமல், கழற்றப்படும் தகடுகளின் அளவுக்கேற்பத் தனித்தனித் துண்டுகளாக வெட்டினோம்.

2. கம்பளி விரிப்பையே தெரிந்தோம். செம்மறியாட்டுக் கம்பளி தீப்பற்றுவதற்கு ஏறத்தாழ 570 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அது உருகிச் சொட்டுவதுமில்லை. நைலோனோ 220 முதல் 260 பாகையிலேயே உருகிவிடும். வெல்குரோவும் பெரும்பாலும் நைலோனே ஆதலால், அதனை வேண்டிய அளவுக்கு மேல் பயன்படுத்தவில்லை.

3. ஓரங்களை மடித்துத் தைத்தோம். பிரிந்து தொங்கும் நூலும் மிதியில் சிக்கக்கூடும்.

4. வளையப் பட்டையை விரிப்பில் தைத்தோம். கொக்கிப் பட்டையை, எண்ணெய்ப் பசையின்றித் துடைத்த தகட்டில் ஒட்டினோம். பல சிறு வானூர்திகளில் புகைக்குழாய் முன்தளத்தின் கீழ் செல்வதால் அவ்விடம் சூடேறி ஒட்டுப்பசை இளகும். ஆகவே அங்கே சட்டத்தையே நம்பினோம்.

5. விரிப்பை மிதிகளுக்கு முன்பாகவே நிறுத்தினோம். கட்டுப்பாட்டுக் கோலைச் சுற்றியும் போதிய இடைவெளி விட்டோம்.

6. முதியவர் தமது சப்பாத்துடன் அமர்ந்து, இரு மிதிகளையும் தடைகளையும் கோலையும் எல்லாத் திசைகளிலும் எல்லைவரை அசைத்துப் பார்த்தார். குதிக்காலால் வேண்டுமென்றே விரிப்பைத் தள்ளியும் பார்த்தார். அது அசையவில்லை. பின்னர் நாம் அதனை முழுவதுமாகக் கழற்றி மீண்டும் பூட்டிக் காட்டினோம்.

எடையையும் கணக்கிட்டோம். 60 சதமமீற்றர் அகலமும் 90 சதமமீற்றர் நீளமும் கொண்ட இரு துண்டுகளின் பரப்பு 1.08 சதுரமீற்றர். சதுரமீற்றருக்கு 2 கிலோகிராம் எனின் மொத்தம் 2.16 கிலோகிராம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தைக் கைக்குத் தெரியாமலே உறிஞ்சவல்லது. ஒக்லாந்தின் ஈரக்காற்றில் அந்த ஈரம் கீழே தங்கினால் அலுமினியம் அரிக்கப்படும். விரிப்பை அடிக்கடி எடுத்து உலர்த்த இது மற்றொரு காரணம்.

அவ்வானூர்தி ஆட்மோரிலிருந்து முதன்முறை எழுந்த நாளில் நாமும் வேலியோரம் நின்றோம். அதன் ஒலி கேட்டபோது உடல் பழைய வழக்கப்படி குனிய முயன்றது. குனியாமல் அண்ணாந்து பார்த்தோம்.

நிறைவாக

ஊரில் படிப்பித்த காலத்தில் மாணவர் "ஏன்?" என்று கேட்டால், "முதலில் மனனம் செய்" என்று கூறிய ஆசிரியருள் நாமும் ஒருவர். பாடத்தைப் பசைபோட்டு ஒட்டினோம். அடியில் என்ன உள்ளது என்று தூக்கிப் பார்க்க இடம் கொடுக்கவில்லை. மனனம் வேண்டாம் என்று கூறோம். பிடிப்பின்றி நகரும் கல்வியும் காலை இடறும். ஆயினும் பிள்ளைகள் கேள்வி கேட்டு உயர்த்திப் பார்க்கவும், பார்த்தபின் மீண்டும் பதித்துக்கொள்ளவும் வேண்டும். கேள்வி கேட்ட அம்மாணவிக்கு எமது நன்றி. பெற்றோர் செய்யும் தொழில் எதுவாயினும் அதில் படிக்க உண்டு, பிள்ளைகளே. இன்று வீடு சென்றதும் அவர்களிடம் கேளுங்கள்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: தரைவிரிப்பு, காலடி, வானூர்தி.

2. தளர்ந்த, இறுகிய, கழற்றக்கூடிய என்னும் சொற்களை வாக்கியங்களில் அமைக்குக.

3. உங்கள் தமிழ்ப் பாட்டப்பையின் வெல்குரோவைப் பக்கவாட்டில் இழுத்தும், ஓரத்திலிருந்து உரித்தும் பார்த்து, வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.

4. பெற்றோருடன் சேர்ந்து, நிறுத்தியுள்ள காரின் சாரதி இருக்கைக்கு முன்னுள்ள தரைமெத்தையைப் பார்க்குக. அது அந்தக் காருக்கு உரியதா? அதன் கொக்கிகள் பூட்டப்பட்டுள்ளனவா? ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெத்தைகள் கிடக்கின்றனவா? கண்டதை அடுத்த வகுப்பில் கூறுக.