மொட்டை மாடியில் விட்ட கம்பி

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் நிலக்கரியைவிட, தீராமல் வந்துகொண்டிருக்கும் வளத்தை நம்பச் சொன்னவர் அவர். இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

இங்கே ஒருவர் தன் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட முடிவெடுத்தார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம் என்று அதே மாதம் மத்திய அரசு விதியையும் திருத்தியிருந்தது. மின்வாரிய வேலை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஆய்வே மின்பாதையும் டிரான்ஸ்பார்மரும் தாங்குமா என்று பார்ப்பதற்குத்தான். மாடி தாங்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் பல நகரங்களில் கட்டட அனுமதி தரும்போதே கூரையின் வலுவை விசாரிக்கிறார்கள். இங்கே வீட்டுக்காரர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பொருத்த வந்த பையன் டிரில்லிங் மெஷினைத் தட்டோட்டின் மேல் வைத்தான். வீட்டைக் கட்டிய கொத்தனார் பதறிப்போனார். "அண்ணே, தட்டோட்டுல ஓட்டை போட்டா ஐப்பசி மழைக்கு உள்ள சொட்டும்ணே. நிறுத்தச் சொல்லுங்க."

மெஷின் நின்றது. ஓட்டை வேண்டாம், ஒரு கன அடி கான்கிரீட் கட்டைகளில் கால்களை நிறுத்திவிடலாம் என்றார்கள். கட்டை ஒன்று ஏறத்தாழ 68 கிலோ. எட்டுக் காலுக்கு 540 கிலோ. பேனல் ஆறும் சேர்ந்தே 170 கிலோதான்.

அந்தக் கட்டையும் போதாது என்றார் வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொடுத்த இன்ஜினியர். ஐ.எஸ். 875 தரநிர்ணயப்படி மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்தக் காற்றில் சதுர மீட்டருக்கு 90 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். ஆறு பேனலின் பரப்போ 15 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. மாடி அமுங்குமா என்று பயந்தவருக்கு, பேனல் பறக்குமா என்ற பயம் வந்தது.

வழி மாடியிலேயே இருந்தது. பின்னால் மேல்மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை அவர் நீட்டி விட்டிருந்தார். துருவைச் சுரண்டிப் பார்த்து, கம்பி கெட்டியாக இருந்த தூண்களின் மேல் குட்டைத் தூண் எழுப்பி, போல்ட் பதித்து, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தை நிறுத்தினார்கள். பாரம் நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கியது, தட்டோடும் தப்பித்தது. ஆனால் பேனலுக்கு ஆயுள் 25 வருஷம்; மேல்மாடி ஆசையை அதுவரை தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்பது அவருடைய வருத்தம்.

மர உத்திரம் போட்ட பழைய மச்சு வீடு என்றால் இன்னும் நிதானம் தேவை. உத்திரத்தைச் செல் அரித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கட்டையைக்கூட மேலே ஏற்றக் கூடாது.

கொட்டேஷன் வாங்கும்போது எத்தனை யூனிட் வரும் என்பதோடு விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் கால் எங்கே நிற்கும், எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.