அம்மாவின் மாத்திரைக்கு ஏன் இந்த விலை?



என் அம்மா கொழுப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிடுகிறார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. கேட்டேன். "விலை கூடிப்போச்சுய்யா, இழுத்துப் பிடிக்கிறேன்" என்றார். மனசு கனத்துவிட்டது. பெட்டியோடு பார்மசிக்குப் போனேன். அங்கே கற்றதுதான் இந்தப் பாடம்.

பெட்டியில் இரண்டு பெயர் இருக்கும். உதாரணத்துக்கு, லிப்பிட்டோர் என்பது வணிகப் பெயர். அட்டோர்வாஸ்டாட்டின் என்பதே மருந்து. காப்புரிமை இருக்கும்வரை அதைக் கொண்டுவந்த நிறுவனத்துக்குப் போட்டி இல்லை. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2011இல் முடிந்தது. இன்று பல நிறுவனங்கள் அதே மருந்தைச் செய்கின்றன. முழு ஆராய்ச்சிச் செலவு அவற்றுக்கு இல்லை, போட்டியும் உண்டு. அதனால் விலை குறைகிறது.

"மலிவுன்னா மட்டம்தானே?" இல்லை. அசல் மருந்தைப் போலவே உடலில் சேருகிறது என்று காட்டினால்தான் மலேசியாவில் பதிவு கிடைக்கும்.

கடைக்குக் கடை விலை ஏன் மாறுகிறது? தனியார் கடைகள் தங்கள் இலாபத்தைத் தாங்களே முடிவு செய்கின்றன. ஆனால் 2025 மே 1 முதல் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். பார்த்து, ஒப்பிட்டு வாங்கலாம். அரசாங்க கிளினிக்கிலோ குடிமக்களுக்கு மருந்தோடு சேர்த்து 1 வெள்ளிதான்.

டாக்டரிடம் கேட்டு, அம்மாவுக்கு மாத்திரையை மாற்றினோம். இப்போது தினமும் சாப்பிடுகிறார். நீங்களும் கேட்காமல் மாற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள்.

இன்றிரவு வீட்டு மருந்துப் பெட்டியைப் பாருங்கள். பெரியவர்கள் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்கணும்.