ஒரு நூலிழையின் பயணம்
(லங்காஷயர் பஞ்சாலைகளின் வரலாறு)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முதியோர் வாக்கு. அந்த ஆடைப் பாதி எங்கிருந்து வந்தது, எவர் கையால் நூற்கப்பட்டது, எவர் தோளில் சுமக்கப்பட்டது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால், உலக வரலாற்றின் பெரும் பகுதி அந்த ஒரு கேள்விக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நாம் குடியேறி வாழும் இந்த இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் என்னும் பகுதி உண்டு. பருத்தி ஒரு செடிகூட விளையாத அந்த ஈரமான மண், 19ஆம் நூற்றாண்டில் உலகுக்கெல்லாம் பருத்தித் துணி நெய்து கொடுத்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையே இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலில் சில சொற்களை அறிந்துகொள்ளுதல் நன்று. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படும் இழை பாவு எனப்படும். அதன் குறுக்கே சென்று திரும்பும் இழை ஊடை. ஊடையைச் சுமந்துகொண்டு சிறு படகு போல அங்குமிங்கும் ஓடும் கருவி நாடா. பஞ்சை நூற்கும்போது இழையை முறுக்கித் தன்மேல் சுற்றிக்கொள்ளும் மெல்லிய தண்டு கதிர். இழையையும் புத்தகத்தையும் நம் மொழி நூல் என்ற ஒரே சொல்லால் அழைப்பதை மாணவர்கள் அறிவீர்கள். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் கொண்டு இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். நூற்பதும் நெய்வதும் நம்மவர்க்கு அத்துணை நெருங்கிய தொழில்களாக இருந்தன.

அந்த நெருக்கமே ஆங்கிலேயரைச் சோழமண்டலக் கரைக்கு இழுத்து வந்தது எனலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை கட்ட முனைந்ததற்கு, அவ்வட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கிய காரணமாகும். துவைத்தாலும் சாயம் போகாத இந்தியப் பருத்தித் துணிகளை இலண்டன் மாநகரத்தார் கண்டு மயங்கினர். சீமாட்டியும் அணிந்தாள், அவள் வீட்டுப் பணிப்பெண்ணும் அணிந்தாள். கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்த "கலிக்கோ" என்னும் சொல் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. கம்பளியும் பட்டும் நெய்து பிழைத்த இங்கிலாந்து நெசவாளர்கள் தங்கள் பிழைப்புப் போயிற்றென்று கலகம் செய்தனர். நாடாளுமன்றம் 1700இல் அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டு விற்பனைக்கு இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721இல் அவற்றை அணிவதையே தடை செய்தது. தடையில்லா வாணிகத்தைப் பிற்காலத்தில் உலகுக்கு உபதேசித்த நாடு, தன் பருத்தித் தொழிலை இத்தகைய வேலிக்குள் வைத்தே வளர்த்தது என்பதை மறந்துவிடலாகாது.

சட்டத்தால் துணியைத் தடுக்க முடிந்தது. ஆசையைத் தடுக்க முடியவில்லை. லங்காஷயர் மக்கள் ஆளிச் செடியின் நாரிலிருந்து பெறும் லினன் நூலைப் பாவாகவும் பருத்தி நூலை ஊடையாகவும் கொண்டு ஒரு கலப்புத் துணியை நெய்தனர். பாவாகக் கட்டத்தக்க வலிமையுள்ள பருத்தி நூலை நூற்க அவர்களுக்கு அப்போது இயலவில்லை. நம் நாட்டுப் பெண்கள் கையாலே செய்ததை அவர்கள் பொறியால் செய்யத் தேடிய முயற்சியே கைத்தொழிற் புரட்சியின் தொடக்கங்களுள் ஒன்றாயிற்று.

இனி வருவது ஒரு தொடர்ச்சங்கிலி. பரி என்னும் ஊரைச் சேர்ந்த ஜோன் கே 1733இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார். அகலமான துணிக்கு இருவர் வேண்டும். இப்போது ஒரு கயிற்றைச் சுண்டினால் நாடா தானே பாய்ந்தோடியது. நெசவு விரைவாயிற்று. ஆனால் நூல் எங்கே? முன்னரே ஒரு நெசவாளருக்குப் பலர் இருந்து நூற்க வேண்டியிருந்தது. இப்போது தறி பசித்த யானையாய் நின்றது, கவளம் போதவில்லை. பிளாக்பேர்ண் அருகே வாழ்ந்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் என்னும் நெசவாளர் ஒரு சக்கரத்தைச் சுற்றி எட்டுக் கதிர்களை ஒருங்கே ஓட்டும் ஜென்னிப் பொறியை 1764 அளவில் அமைத்தார். கைராட்டை நூற்றுப் பிழைத்த அயலவர்கள் அஞ்சினர். 1768இல் அவர் பொறிகளை உடைத்தெறிந்தனர். அவர் நொட்டிங்ஹாமுக்கு இடம்பெயர்ந்தார்.

ஜென்னியின் நூலும் மெலிந்ததே, ஊடைக்குத்தான் பயன்பட்டது. பாவுக்குரிய உறுதியான நூலைத் தந்தவர் சவரத் தொழிலும் பொய்மயிர் வாணிகமும் செய்துவந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட். உருளைகளுக்கிடையே பஞ்சை இழுத்து முறுக்கும் அவருடைய பொறிக்கு 1769இல் காப்புரிமை கிடைத்தது. 1771இல் குறொம்ஃபோட் என்னுமிடத்தில் நீரின் விசையால் அப்பொறிகளை ஓட்டும் ஆலையைத் தொடங்கினார். வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் நடந்த தொழில், மணியடித்து ஆட்களை அழைக்கும் கட்டடத்துக்குள் புகுந்தது அப்போதுதான். என் கருத்தில் பொறியைவிடப் பெரிய மாற்றம் அந்த மணியோசையே. 1774இல் முழுப் பருத்தித் துணிக்கிருந்த தடையும் நீங்கியது.

பின்னர் போல்ற்றன் நகரத்துச் சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் ஜென்னியையும் ஆர்க்ரைட்டின் உருளைகளையும் இணைத்து ஒரு பொறி செய்தார். இரண்டின் கலப்பாதலால் அதற்கு "மியூல்", அதாவது கோவேறு கழுதை, என்று பெயர் வழங்கிற்று. அதன் நூல் மெல்லியது, வலியது. இந்திய மஸ்லினுக்குப் போட்டியாகத் துணி நெய்ய உதவிற்று. காப்புரிமை பெற வசதியில்லாத கிராம்ப்டன், ஆலை முதலாளிகளின் வாக்குறுதியை நம்பிப் பொறியை அனைவர்க்கும் காட்டினார். கிடைத்ததோ சொற்பப் பணம். நாடாளுமன்றம் 1812இல் 5,000 பவுண் வழங்கிய காலத்தில், அவர் பொறியின் கதிர்கள் நாடெங்கும் 40 இலட்சத்துக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தன. ஆர்க்ரைட்டோ 'சேர்' பட்டமும் பெருஞ்செல்வமும் பெற்று மறைந்தார். அறிவும் ஆதாயமும் ஒரே வீட்டில் குடியிருப்பது அரிது போலும்.

இப்பொறிகளின் ஆற்றலை ஒரு கணக்கால் உணரலாம். 100 இறாத்தல் பஞ்சை நூலாக்க, கையால் நூற்கும் இந்தியப் பெண்ணுக்கு ஏறத்தாழ 50,000 மணி நேரம் ஆனது என்று பொருளியல் வரலாற்றறிஞர் மதிப்பிட்டுள்ளனர். 1780இல் கிராம்ப்டனின் மியூலுக்கு அது 2,000 மணி. 1795 அளவில் விசையுடன் இயங்கிய மியூலுக்கு 300 மணி. 1825இல் வந்த தானியங்கி மியூலுக்கு 135 மணி. ஒரு பெண் பல ஆண்டுகள் உழைத்துச் செய்ததைப் பொறி சில கிழமைகளில் முடித்தது. மதுரையிலோ டாக்காவிலோ இருந்த ஒருத்தி எவ்வளவு திறமை பெற்றிருந்தாலும் இக்கணக்கை எப்படி வெல்வாள்?

இங்கிலாந்து நெசவாளரும் வெல்லவில்லை. நூல் மலிந்த காலத்தில் கைத்தறியாளர் நல்ல கூலி பெற்று வாழ்ந்தனர். எட்மண்ட் கார்ட்ரைட் என்னும் பாதிரியார் 1785இல் வகுத்த விசைத்தறி முதலில் செம்மையாக ஓடவில்லை. பிறர் திருத்தியபின் நிலைமை மாறியது. 1813இல் பிரித்தானியாவில் 2,400 விசைத்தறிகளே இருந்தன. 1833இல் 1,00,000 ஆயின. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறியாளரின் கூலி ஆண்டுக்காண்டு தேய்ந்தது. தந்தை நெய்து பெற்ற கூலி குடும்பத்துக்குப் போதாதபோது பிள்ளைகள் ஆலைக்குச் சென்றனர்.

மாணவர்கள் இப்பகுதியைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். மியூல் ஓடும்போது அறுந்த இழைகளைத் தாவிப் பிணைக்கச் சிறு விரல்கள் தேவைப்பட்டன. பொறியின் அடியில் சேரும் பஞ்சுத் தூசியைப் பொறி நிற்குமுன்னே தவழ்ந்து சென்று வாரச் சிறு உடல்கள் தேவைப்பட்டன. மான்செஸ்டருக்கு அருகே ஸ்ரையல் என்னும் ஊரில் சாமுவேல் கிரெக் 1784இல் நிறுவிய குவாரி பாங்க் ஆலை இன்றும் காட்சியகமாக உள்ளது; கோடை விடுமுறையில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். 1790இல் அங்கு கட்டப்பட்ட பயிலுநர் விடுதியில், ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவரும் சிறுமியரும் தங்கி வேலை செய்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேர வேலை. அதன் பின்னரே சிறிது கல்வி. அக்காலத்து ஆலைகளோடு ஒப்பிட்டால் அங்கு உணவும் மருத்துவமும் மேலானவை என்பர்.

ஆயினும் 1806இல் ஜோசப் செஃப்ற்றன், தோமஸ் பிறீஸ்ற்லி என்னும் இருவர் அங்கிருந்து ஓடிப்போயினர். தோமசுக்கு வயது 13. பொறியில் சிக்கி அவன் விரலொன்று போயிற்று. இருவரும் தாயாரைக் காண வேண்டி இலண்டன் நோக்கிப் புறப்பட்டனர். பின்னர் நீதவான் முன் அவர்கள் அளித்த வாக்குமூலம் எழுத்தில் உள்ளது. அதில் உணவைப் பற்றிப் பெரிய குறை ஏதுமில்லை. தாயைப் பார்க்க விரும்பினோம் என்பதே காரணம். அவர்கள் மீண்டும் ஆலைக்கே அனுப்பப்பட்டனர்.

1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பட்டாலைகள் தவிர்ந்த நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டோர் வேலை செய்வதைத் தடுத்தது. 9 முதல் 13 வயது வரையானோருக்குக் கிழமைக்கு 48 மணி நேரமே வேலை என்றும், நாளுக்கு இரண்டு மணி நேரம் பாடம் படிப்பிக்க வேண்டும் என்றும் விதித்தது. கண்காணிக்க நால்வர் நியமிக்கப்பட்டனர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எழும்ப மறுக்கும் செல்வங்கள் இதனைக் கேட்டுச் சிரிக்கலாம். அந்த இரண்டு மணி நேரப் பாடத்துக்காகப் பெரியவர்கள் நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் ஆலைக்குள் நடந்தவை. பஞ்சு வந்த வழியோ இன்னும் கொடியது. 1793இல் அமெரிக்கரான எலி விற்னி பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியை உருவாக்கினார். வேலை குறைந்ததால் அடிமைகளின் துன்பம் குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். மாறாக, பருத்திப் பயிர் பல மடங்கு பெருகி, அடிமை முறை வேரூன்றியது. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அமெரிக்க அடிமைகளின் தொகை 1860இல் 40 இலட்சத்தை எட்டியது. லங்காஷயர் நூற்ற பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் பறித்தது. மேலே சொன்ன கிரெக் குடும்பத்துக்கே டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வடமாநிலக் கடற்படை தென்துறைமுகங்களை முற்றுகையிட்டது, பஞ்சு நின்றது. இதனை லங்காஷயரின் பஞ்சுப் பஞ்சம் என்பர். ஆலைகள் மூடப்பட்டன. 1862ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் நிவாரணத்தில் உயிர் வாழ்ந்தனர். தட்டுமுட்டுச் சாமான்கள் அடகுக் கடைக்குப் போயின. அமெரிக்கப் பஞ்சுக்கு ஈடாக இந்தியப் பஞ்சு "சூரத்" என்ற பொதுப்பெயரில் வந்தது. குறுகிய இழையும் தூசியுமாய் அது அடிக்கடி அறுந்ததால், பஞ்சு தா, சூரத் மட்டும் தராதே என்று தொழிலாளர் இறைவனை வேண்டியதாக ஒரு கதை உண்டு.

இத்தகைய வேளையில் 1862 டிசெம்பர் 31ஆம் நாள் மான்செஸ்டர் தொழிலாளர் ஒரு மண்டபத்தில் கூடினர். முற்றுகையை உடைத்துப் பஞ்சைக் கொண்டுவா என்று தம் அரசை வற்புறுத்த அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர்களோ அடிமை முறையை ஒழிக்க முனைந்த ஆபிரகாம் லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்து மடல் எழுதினர். லங்காஷயர் முழுவதும் ஒரே மனமாக இருந்தது என்று சொல்வது உண்மையாகாது. தென்மாநிலங்களை ஆதரித்துக் கூடிய கூட்டங்களும் இருந்தன. ஆயினும் பசித்த வயிற்றுடன் எழுதப்பட்ட அம்மடல் பசித்த வயிற்றுடன் எழுதப்பட்டதே. 1863 ஜனவரி 19ஆம் நாள் லிங்கன் நன்றி கூறி மறுமொழி எழுதினார். மான்செஸ்டரில் இன்று அவர் பெயர் தாங்கிய சதுக்கத்தில் அவருடைய சிலை நிற்கிறது.

போர் முடிந்தபின் ஆலைகள் மீண்டும் ஓடின. 1913இல் பிரித்தானியா ஏறத்தாழ 700 கோடி யார் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்தது. அதில் 300 கோடி யார் அளவில் இந்தியாவுக்குச் சென்றது. ஒரு காலத்தில் இந்தியத் துணிக்குத் தடை விதித்த நாடு, இந்தியாவையே தன் முதற்பெரும் வாடிக்கையாளனாக்கிற்று. ஆனால் அதற்குள் பம்பாயிலும் அகமதாபாத்திலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆலைகள் எழுந்துவிட்டன. பொறிகளில் பல லங்காஷயரிலேயே செய்யப்பட்டவை. யப்பானும் போட்டிக்கு வந்தது. கதர் இயக்கத்தால் வேலையிழந்தோம் என்று வருந்திய லங்காஷயர் தொழிலாளரைக் காந்தியடிகள் 1931 செப்டெம்பரில் நேரில் சென்று கண்டார். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் அவரை அன்புடன் வரவேற்றனர். தம் நாட்டு வறுமையை அவர் எடுத்துரைத்தபோது அமைதியாகக் கேட்டனர்.

1950களின் இறுதியில் பிரித்தானியா தான் விற்றதிலும் மிகுதியான பருத்தித் துணியை வாங்கும் நாடாயிற்று. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டன. உலகப் பஞ்சு வாணிகத்தின் பெருமன்றமாக விளங்கிய மான்செஸ்டர் றோயல் எக்ஸ்சேஞ்ச் 1968இல் வணிகத்தை நிறுத்தியது. 1976 முதல் அது நாடக அரங்கு. நாடகம் காணச் செல்வோர் அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் ஒரு பலகையில் இறுதி வணிக நாளின் பஞ்சு விலைகள் அப்படியே இருப்பதைக் காணலாம்.