லினக்சுக்கு ஏற்ற வைஃபை அடாப்டர்

முன்னுரை

"அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்பது நம் முன்னோர் மொழி. வெளித்தோற்றத்தை நம்பிப் பொருள் வாங்குவோர் ஏமாறுவர் என்பது இதன் கருத்து. கணிப்பொறிப் பொருள்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவடைந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் பல வீடுகளில் இருக்கின்றன. புதியது வாங்க எல்லாப் பெற்றோராலும் இயலுமா? பழைய கணிப்பொறியில் விலையில்லா லினக்சை நிறுவிக்கொண்டால் அது இன்னும் சில ஆண்டுகள் நம் படிப்புக்கு உதவும். ஆனால் அதில் வைஃபை இல்லாவிட்டால் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டிரைவர் என்றால் என்ன?

ஒருவருக்கொருவர் மொழி தெரியாத இருவர் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை அன்றோ? கணிப்பொறிக்கும் அதில் செருகும் கருவிக்கும் இடையே நின்று அவ்வேலையைச் செய்யும் நிரலே டிரைவர் எனப்படும்.

லினக்சை 1991-இல் தொடங்கியவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். விண்டோசில் டிரைவரைப் பெரும்பாலும் கருவி செய்த நிறுவனமே தருகிறது. லினக்சிலோ டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே, கெர்னலில் முன்பே டிரைவர் உள்ள அடாப்டரை வாங்கினால், செருகியவுடன் அது பெரும்பாலும் வேலை செய்யும். இதுவே நாம் நினைவில் கொள்ள வேண்டிய முதல் விதி.

பெயரன்று, சிப்பே முக்கியம்

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட நிறுவனத்தின் பெயரைக் கெர்னல் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சிப்பையே அது பார்க்கிறது. டி.பி.லிங்க் நிறுவனத்தின் டி.எல்.டபிள்யூ.என்.722.என் என்னும் அடாப்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏ.ஆர்.9271 சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சிப் வைக்கப்பட்டது. மாதிரிப் பெயர் ஒன்றே. உள்ளே இருப்பதோ வேறு! எனவே பதிப்பு எண்ணையும் பார்ப்பது இன்றியமையாதது.

சில சிப்புகள்

1. ஏ.ஆர்.9271: 2010 முதல் இதன் டிரைவர் கெர்னலில் உள்ளது. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இயங்கும், வேகமும் குறைவு.

2. மீடியாடெக் எம்.டி.7610.யு, எம்.டி.7612.யு: 2018-இல் வெளிவந்த கெர்னல் 4.19 முதல் டிரைவர் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் இயங்கும். வீட்டுப் பயனுக்கு இவை போதும் எனலாம்.

3. மீடியாடெக் எம்.டி.7921.ஏ.யு: 2022 முதல் கெர்னலில் டிரைவர் உண்டு. இது வைஃபை 6 வகையைச் சேர்ந்தது.

4. ரியல்டெக் ஆர்.டி.எல்.8812.ஏ.யு: இதற்கு நெடுங்காலம் கெர்னலில் டிரைவர் இல்லை. 2025-இல் வந்த கெர்னலில்தான் சேர்க்கப்பட்டது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12-இன் கெர்னலோ 6.1. ஆதலால் அதில் இந்தச் சிப் தானாக இயங்காது.

நம் கணிப்பொறியின் கெர்னல் எண்ணை அறிய, டெர்மினலில் "யுநேம்" என்னும் கட்டளையை "-ஆர்" சேர்த்துக் கொடுத்தால் போதும்.

"லினக்ஸ் ஆதரவு உண்டு" என்ற சொல்

சில பெட்டிகளில் இவ்வாறு அச்சிட்டிருக்கும். கெர்னலுக்கு வெளியே உள்ள டிரைவரை நாமே தொகுத்து நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதும் இதன் பொருளாக இருக்கலாம். அவ்வகை டிரைவர், கெர்னல் புதுப்பிக்கப்படும்போது நின்றுபோகக்கூடும். செக்யூர் பூட் இயங்கும் கணிப்பொறியில், கையொப்பமிடாத டிரைவரை ஏற்றவே இயலாது. நாளை தேர்வுக்கான பாடக்குறிப்பை இன்றிரவு இறக்க வேண்டிய மாணவிக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு!

வாங்கும்போது செய்ய வேண்டியவை

சிப்பின் பெயரைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாவிடில், மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு சிப்பைத் தேடி அறிந்த பின்பே வாங்குதல் நலம். பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். லினக்சைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஆதலால் கணிப்பொறியில் நிறுவுமுன்பே அடாப்டரைச் சோதித்துவிடலாம். செருகிய பின் "எல்.எஸ்.யு.எஸ்.பி." என்னும் கட்டளையைக் கொடுத்தால் கருவியின் அடையாள எண் தோன்றும். அதைக் கொண்டு உள்ளே இருக்கும் சிப்பை உறுதி செய்யலாம். சில அடாப்டர்கள் முதலில் குறுந்தட்டு போலத் தோன்றும், அவற்றை வைஃபை நிலைக்கு மாற்ற "யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்" என்னும் நிரல் உதவும்.

இன்னும் இரண்டு செய்திகள். யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளால் அடாப்டரைத் தள்ளி வைத்தால் இக்குறை குறையும். அடாப்டர் கிடைக்கும் வரை, ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, யு.எஸ்.பி. டெதரிங் வழியாக இணையம் பெறலாம். இதற்குத் தனியே அடாப்டர் வாங்க வேண்டியதில்லை.

முடிவுரை

பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது. தோழியரே, பெட்டியின் பளபளப்பைப் பாராது, சிப்பின் பெயர், பதிப்பு எண், கெர்னல் எண் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குவோம். குப்பைக்குப் போகவிருந்த கணிப்பொறியை நம் கல்விக்குத் துணையாக்குவோம்!