இருபத்தொன்பது இலக்க எண்ணும் மானிடப் பிறவியும்

நான்கு கதிகளுள் மனித கதியே தொகையிற் குறைந்தது என்பது ஆகமம் கூறும் கருத்து. இதனைக் கேட்கும் நம் பிள்ளைகள், “2022ஆம் ஆண்டிலேயே உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டிவிட்டதே, மானிடப் பிறவி அரிது என்பது எங்ஙனம்?” என வினவுகின்றனர். விடை காண ஓர் எண்ணைக் கற்போம்.

எண் அமைந்த முறை

பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பரியாப்தி நிறைந்த மனிதரின் தொகையை இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தினது கனம் என்கிறது. இரண்டை வர்க்கித்தால் 4, அதனை வர்க்கித்தால் 16, பின்னர் 256, அடுத்து 65536, ஐந்தாவது 4294967296, அதாவது ஏறத்தாழ 429 கோடி. இதனை மூன்று முறை வைத்துப் பெருக்கக் கிடைப்பது:

79228162514264337593543950336

நம் கோவளத்திற்குத் தெற்கே மாமல்லபுரத்தில் 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு என இரட்டித்து வைக்கும் கதையைப் பிள்ளைகள் அறிவர். 64 கட்டங்களின் நெல்மணிகளுடன் ஒன்று கூட்டினால் இரண்டின் ஆறாம் வர்க்கம் வரும். நம் எண் அதனைப்போல் 429 கோடி மடங்கினும் மிகுந்தது.

அர்த்தச்சேதம்

ஓர் எண்ணைப் பாதி பாதியாக்கி 1 வரும் வரை எத்தனை முறை வகுக்கிறோமோ, அதுவே அதன் அர்த்தச்சேதம். வீரசேனாச்சாரியாரின் தவளா உரை இதனை விரிவாக ஆள்கிறது. எண்களைப் பெருக்கும்போது அர்த்தச்சேதங்கள் கூடும். ஐந்தாம் வர்க்கத்திற்கு 32; ஆகவே அதன் கனத்திற்கு 32+32+32=96. பள்ளியில் மடக்கை எனக் கற்பிப்பதும் இவ்வழியினதே.

சரிபார்க்கும் வழி

ஏட்டில் எழுதுவோர் இலக்கம் பிறழாதிருக்க, இவ்வெண்ணை எழுத்துகளாக்கி, ஒன்றாம் இலக்கம் முதலாகச் செய்யுளில் அமைத்தனர். நாமும் சோதிக்கலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 127. அதனை 9ஆல் வகுக்க மீதி 1. இரண்டை ஆறு முறை வைத்துப் பெருக்கினால் 64. அதற்கும் மீதி 1. 96 என்பது ஆறின் மடங்காதலின் இரண்டும் பொருந்துகின்றன. ஓர் இலக்கம் பிழைபட்டால் பெரும்பாலும் இச்சோதனையில் வெளிப்படும்.

பிள்ளைகளுக்கு விடை

ஆகமம் கூறும் மனித உலகம் இரண்டரைத் தீவுகள். ஆதலின் இன்றைய மக்கள்தொகைக் கணக்கோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. கருதத்தக்கது வேறு: 29 இலக்கமாயினும் இது சங்கியாதம், எண்ணி முடிக்கத்தக்கது. நரகரும் தேவரும் அசங்கியாதர். விலங்கு கதி உயிர்களோ அனந்தம். அனந்தத்தின் முன் இப்பேரெண்ணும் சிறிதே. வீடுபேற்றுக்குரிய தவம் இச்சிறு தொகையினர்க்கே இயலும் என்பதால், கிடைத்த பிறவியை வீணாக்கலாகாது. “அரிது” என்பதன் பொருள் இதுவே.

பயிற்சி

1. 65536இன் அர்த்தச்சேதம் யாது?
2. 2, 4, 8, 16, 32 என எழுதிச் சென்று, கடைசி இலக்கங்கள் மீளும் ஒழுங்கைக் காண்க. நம் எண் 6இல் முடிவது ஏன்?

விடையைப் பிள்ளைகளே கண்டு கூறுமாறு பெற்றோர் பொறுத்திருப்பாராக.